அது ஏமாத்து வேலை இல்லீங்க

தை மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து கேமராவும் சின்ன டெலஸ்கோப்புமா வந்து, ராத்திரி நம்ம களத்துல உட்கார்ந்தான். எம்33 கேலக்சியைப் பிடிக்கணுமாம். சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தூரம். மூணு மூணு நிமிஷமா 60 படம் எடுத்தான். தனிப்படத்தில் மாவு சிந்தின மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். மறுநாள் எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினதும் சுருள் சுருளா கைகள் தெரிஞ்சுது.

டீக்கடையில் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுப்பா" என்றார்கள். டவுனில் படிச்சவங்களும் இதையேதான் சொல்றீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நெல் தூத்துறதைப் பார்த்திருக்கீங்களா? பதர் பறக்கும், மணி நிக்கும். கேலக்சி வெளிச்சம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுது. கேமராவோட புள்ளிக் குப்பை படத்துக்குப் படம் இடம் மாறுது. சராசரி எடுத்தா குப்பை அடங்கிடும். லென்ஸை மூடிவச்சும் சில படம் எடுத்தான், கேமராவோட சொந்தக் கறையைக் கழிக்க. சாக்கு எடையைக் கழிச்சு நெல்லுக்குக் காசு போடுறோமே, அதுதான்.

ஆனா 60-ல் 11 படத்தைத் தூக்கிப் போட்டுட்டான். கேலக்சி மேற்கே சாய்ஞ்சதும் ரோட்டு எல்இடி வெளிச்சம் அமுக்கிடுச்சு. விளக்கு வேணாம்னு சொல்லலை, பாம்புக்குப் பயந்து நடக்கிறவன் நான். மேலே ஒரு தகர மூடி போட்டா வெளிச்சம் தரைக்குத்தான் வரும். ஊராட்சியில் கேட்டிருக்கேன்.