விளக்கு பேசும், மலை கேட்குமா?

சேர்வராயன் மலையில் லேடீஸ் சீட் எனும் முனையில் இரவில் நின்று நோக்குவோர்க்குச் சேலம் மாநகரின் விளக்குகள் தரையில் இறங்கிய விண்மீன்களாகத் தோன்றும். அத்தகைய விளக்குகள் வெளிச்சத்தோடு செய்தியையும் சுமக்கும் காலம் நெருங்கி வருகிறது. அன்று மலைமேல் வாழ்வோர்க்குக் கிட்டுவது காட்சி மட்டுந்தானா? எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

ஒளியாராய்ச்சி நமக்குப் புதிதன்று. திருமறையில் 'நூர்' எனும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வையைத் தருகிறது எனப் பதினோராம் நூற்றாண்டிலேயே தம் ஒளியியல் நூலில் நிறுவினார்.

நம் காலத்தில் நீல ஒளி பெரும் புரட்சி செய்தது. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளி மஞ்சள் ஒளிர்பொருளின்மீது பட்டால் வெண்ணிற வெளிச்சம் பிறக்கும். அந்நீல ஒளியைக் கண் உணரா விரைவில் கூட்டிக் குறைத்தால் அதுவே செய்தியாகும். எல்.இ.டி.யின் விரைவுக்கு எல்லை உண்டு. லேசர் அதனினும் விரைவுடையது.

சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தாரும் 2016இல் 448 நானோமீட்டர் நீல லேசரையும் பண்பேற்றியையும் ஒரே சில்லில் அமைத்துக் காட்டினர். கப்பலின் சைகை விளக்கை நினைவிற் கொள்க. சுடர் அணையாது எரியும். முன்னுள்ள மடல் திறந்து மூடிச் செய்தி சொல்லும். இங்கு லேசரே சுடர், பண்பேற்றியே மடல். சிறிய மின்னழுத்த மாற்றத்திற்கேற்ப அது ஒளியை விழுங்கும்; விடுக்கும். வெளிச்சமும் செய்தியும் ஒரே ஊற்றிலிருந்து பெருக இவ்வாய்வு வழிகாட்டியது.

எனினும் ஏற்காட்டில் இதற்கோர் தடையுண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரை மூடுபனி அடிக்கடி போர்த்துகிறது. பனியின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே அடிவாரத்திலிருந்து ஒளிக்கற்றையை ஏவி மலைக்கு நம்பகமான இணைப்புத் தருதல் அரிது. பேசும் விளக்குக்கு ஏற்ற இடம் வகுப்பறை, நூலகம், மருத்துவமனை போன்ற உள்ளிடமே. அங்கும் கூரை விளக்குவரை செய்தியைக் கொணர ஒளியிழை போன்ற இணைப்பு வேண்டும். இணைப்பில்லா ஊரில் எத்துணை உயர்ந்த விளக்கும் ஊமை விளக்கே!

சாலையும் குடிநீரும் முதலில் வரட்டும் எனச் சிலர் கூறுவர். அவை வேண்டுவனவே. ஆனால் சாலை போடும்போதே அதன் ஓரமாக இழையையும் பதிக்கலாம். மின்கம்பம் செல்லும் வழியில் இழையும் செல்லலாம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி அலை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய மலைப்பகுதி மாணவரை நாடு கண்டது. கல்விக்குக் காத்திருக்கும் பருவம் ஒருமுறை கடந்தால் மீளாது. ஆதலின் பாரத் நெட் போன்ற திட்டங்கள் மலைச் சிற்றூர்ப் பள்ளிகளை இறுதியில் வைக்காமல் முதலில் வைத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

மாணவச் செல்வங்களே! இவ்வறிவியலைக் கற்று, எளிய தமிழில் ஊராருக்கு விளக்குங்கள். சமுதாயப் பெரியோர்களே! கல்வி அறங்களுள் மலைப்பள்ளிக்கு இணைப்புத் தருவதையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். இழை முன்னே ஏறட்டும். பேசும் விளக்கு பின்னே ஏறும்.