இடங்கொடுக்கிறோமா, தடைசெய்கிறோமா?



பிழைப்புக்காக நகரத்திற்கு வந்த நம்மில் பலர் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த ஆங்கிலப் பலகை ‘டு லெட்’ என்பதாகவே இருக்கும். வீடு வாடகைக்கு விடப்படும் என்பது அதன் பொருள். ஆகவே ‘லெட்’ என்றால் விடுவது, இடங்கொடுப்பது என்று அறிந்துகொண்டோம். ஆதியாகமம் 1:3-ல் வெளிச்சம் உண்டாகும்படி தேவன் இட்ட கட்டளையும் ஆங்கிலத்தில் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் வாலிப மகள் ஒருத்தி, கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தோடு என்னிடம் வந்தாள். “பாஸ்டர், ரோமர் 1:13-ல் பவுல் ‘லெட்’ செய்யப்பட்டார் என்றிருக்கிறதே. அனுமதி கிடைத்தும் அவர் ஏன் ரோமாபுரிக்குப் போகவில்லை?” என்று கேட்டாள். தமிழ் வேதாகமத்தைத் திறந்தோம். அங்கே ‘தடை’ என்றிருந்தது!

பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு சொற்கள். ஒன்றின் பொருள் விடுதல். மற்றொன்றின் பொருள் தடுத்தல். தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’ என்னும் சொல் இரண்டாவதற்கு உறவு. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாயின. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இரு பொருளும் உண்டு. 2 தெசலோனிக்கேயர் 2:7-ல் தடைசெய்கிறவரைக் குறிப்பதும் இச்சொல்லே. தடுத்தல் என்னும் பொருள் இன்று அன்றாடப் பேச்சில் இல்லை. ஆயினும் நமது இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அதை உடையவரை ‘லெட்’ இன்றி, அதாவது தடையின்றிச் செல்லவிடும்படி குடியரசுத் தலைவரின் பெயரால் அது கேட்டுக்கொள்கிறது.

அந்த மகள் தெளிவடைந்து சென்றாள். என் உள்ளமோ குத்துண்டது. ஆராதனையில் வேதபாடத்தை ஆங்கிலத்திலும் வாசிக்க வாலிபர் அனுமதி கேட்டபோதெல்லாம், தமிழ் மறைந்துபோகும் என்று அஞ்சி மறுத்துவந்தவன் நான். தமிழைக் காக்கிறேன் என்று எண்ணினேன். பிள்ளைகளுக்கும் வசனத்திற்கும் நடுவே நிற்கிறேன் என்பதை உணரவில்லை. மாற்கு 10:13-14-ல் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷரும் ஆண்டவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் இயேசு விசனமடைந்தார். இடங்கொடுக்கவும் தடைசெய்யாதிருக்கவும் ஒருசேரக் கட்டளையிட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் இரு மொழிகளிலும் வாசித்தோம். மகன் ஆங்கிலத்தில் வாசிக்க, அருகில் அமர்ந்த தாய் தன் தமிழ் வேதாகமத்தில் விரல் வைத்துத் தொடர்ந்ததைக் கண்டேன். நான் அஞ்சியபடி தமிழ் மறையவில்லை. ஆங்கிலம் புரியாத இடத்தில் பிள்ளைகள் தமிழைத் தேடி வந்தார்கள்.

பெற்றோரே, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒரே வசனத்தை இரு மொழிகளிலும் வாசியுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதிருங்கள். தேவனுடைய கிரியையைத் தடுப்பவன் யார் என்று ஏசாயா 43:13 கேட்கிறது. கிங் ஜேம்ஸில் அங்கும் இதே ‘லெட்’தான். தடுக்கிறவர்கள் நாமாக இராதபடி கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.