யாருடைய எலிக்கு யாருடைய காசு?

"மலிவாக ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்க வேண்டும், எது நல்லது, சொல்லுங்கள்." சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பால்வெட்டுத் தோழர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்திலிருந்த கிராணியார் முந்திக்கொண்டார்: "அது வெறும் காற்றுதானே! விளையாட்டுச் சாமான். சில நூறு வெள்ளிக்குக் கைத்தொலைபேசியிலேயே வரவழைக்கலாம்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எமக்கோ தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

தோழர்களே! கேட்டவரை நாம் குறை கூறவில்லை. லயத்துக்குப் பின்னால் அவர் நட்ட மரவள்ளியை எலி தின்கிறது. வாழைத்தாரை அணில் கொறிக்கிறது. சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல் 1,700 வெள்ளி. அதில் குடும்பம் நடத்துகிறவனுக்கு அந்த மரவள்ளி பொழுதுபோக்கு அல்ல, அடுப்பில் வேகும் சோறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுக்கோழி கிடைத்தால் கறிச் செலவு மிச்சம் என்று அவர் நினைப்பதிலும் வியப்பில்லை. நம் கோபம் அந்தக் கிராணியாரின் 'வெறும் காற்று' என்ற பேச்சின் மேல்தான். படித்தவர் சொல்வதைப் படிக்காதவன் நம்புகிறான். நம்பியவன் சிறைக்குப் போனால் கூடப் போவாரா இவர்?

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குக் கூறும் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் இருக்கிறது. மலாய்க்காரர் செனாப்பாங் ஆங்கின் என்று சாதாரணமாகச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே! அதோடு முடிந்ததா? லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் அனுமதியில்லாத் துப்பாக்கிக்குத் தூக்குக் கயிறு என்றிருந்தது. முள்கம்பிக்குள் வாழ்ந்த நம் பெரியவர்கள் துப்பாக்கி என்ற சொல்லையே மெல்லத்தான் உச்சரிப்பார்கள். பேரப்பிள்ளைகளோ தபாலில் வரவழைக்கிறார்கள்!

"ஊரில் எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள்?" என்பான் விற்கிறவன். கேட்கும் நாளில் அவன் தொலைபேசி எண் வேலை செய்யாது.

சரி, அந்தக் காற்றின் வலுவைப் பார்ப்போம். ஐந்தரை மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஏறக்குறைய ஒரு கிராம் எடை. சாதாரணத் துப்பாக்கியிலேயே அது விநாடிக்கு 170 மீட்டருக்குக் குறையாமல் பாயும். அணிலின் மண்டையைத் துளைக்கும் குண்டுக்கு மனிதக் கண் எம்மாத்திரம்? நம் தோட்டத்தில் நிரை நிரையாக மரம். விடியுமுன்னே நெற்றி விளக்கோடு ஆணும் பெண்ணும் மரத்தடியில் குனிந்து நிற்கிறார்கள். வைரம் பாய்ந்த மரத்தில் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யார் சொல்ல முடியும்? பல ஆண்டுகளுக்கு முன் எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு பையன் புறாவைக் குறிவைத்தான். அடுத்த நிரையில் மங்கு கழுவிக்கொண்டிருந்த அவன் அக்காளின் இடது கண் போயிற்று. புறா பறந்துவிட்டது.

இனி எலிக்கு வருவோம். பகலில் பதுங்கி இரவில் திரியும் பிராணி அது. மூன்றே வாரம் சினையிருந்து குட்டிகளை ஈன்று தள்ளும். நீர் ஒன்றைச் சுட்டு முடிப்பதற்குள் ஓலைக்கூரைக்கடியில் எட்டு பிறந்திருக்கும்! துப்பாக்கியால் எலியை ஒழிப்பது மங்கால் ஆற்றை இறைப்பது போல.

அதுமட்டுமா? எலியின் சிறுநீரால் பரவும் எலிக் காய்ச்சல் 2010 முதல் இந்நாட்டில் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். லயத்தில் அடைந்த சாக்கடையும் அள்ளாத குப்பையும்தான் எலியை வளர்க்கின்றன. தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, "பையன்களை விட்டுச் சுடச் சொல்லுங்களேன்" என்று ஆபீசில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்களாம்! எலி வளர்வது அவர்கள் சாக்கடையில். துப்பாக்கி வாங்குவது நம் சம்பளத்தில். சிறைக்குப் போவதும் நாம்! நன்றாயிருக்கிறது நியாயம்.

செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகையை வளர்க்கிறார்கள். அதற்கு எலிதான் முக்கால் பங்குக்கு மேல் உணவு. நம்மவர்களோ ஆந்தை அலறினால் சாவு வரும் என்று முதல் குண்டையே அதன்மேல் விடுகிறார்கள். கடும் எலி விஷத்தைக் கண்டபடி வைத்தாலும் விஷமுண்ட எலியைத் தின்ற கூகை செத்துப்போகும். ஆகவே பெட்டி வைக்கிற தோட்டத்தில் எந்த விஷம் வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மரவள்ளிக்குக் கம்பிவலையும் பொறியும் போதும். அதன் செலவையும் தோட்டமே தரட்டும் என்பதுதான் நம் வாதம்.

இவ்வளவு சொன்ன பிறகும், முறைப்படி லைசென்ஸ் பெற்றுத்தான் வாங்குவேன் என்பாரானால் அவர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். முதலில் போலீசில் மனு. கையில் லைசென்ஸ் வந்த பிறகே கடை. குழலை மடக்கி உள்ளிருக்கும் சுருள்வில்லை அழுத்தும் வகையே ஏழைக்கு ஏற்றது. உயர் அழுத்தக் காற்றை நிரப்பும் வகைக்குத் தனிப் பம்பு வேண்டும். அந்தச் செலவு தலைமேல் ஏறும். அணிலுக்கு ஐந்தரை மில்லிமீட்டர் குண்டு. இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் சுடுவது உயிரை வதைப்பதே. மலிவான குறிக்கண்ணாடியைப் பூட்டாதீர்கள். சுருள்வில் முன்னும் பின்னும் உதைப்பதில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். குண்டில்லாமல் விசையை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். அழுத்தும் அறையில் எண்ணெய் ஊற்றினால் அது தீப்பிடித்து வெடிக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்தத் தோழர், "அப்படியானால் துரைக்கு ஒரு மனு எழுதலாமா?" என்றார். எழுதலாம். சாக்கடை, குப்பை, கம்பிவலை, கூகைப் பெட்டி என்று நாலே வரி. எழுத அந்தக் கிராணியாரையே கேட்டிருக்கிறோம். வருகிற சம்பள நாளன்று, பெரட்டு கலைவதற்குமுன் எல்லோரும் கையெழுத்துப் போட வாருங்கள்.