கல்லாப்பெட்டிச் சாவியும் கண் ஆஸ்பத்திரியும்

புதிதாகக் கம்பெனி ஆரம்பித்தவர்கள் எல்லோரும் பாடுகிற பல்லவி ஒன்று உண்டு. "நல்ல ஆள் கிடைக்க மாட்டேங்குது." மதுரையில் இதோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொள்ளும்: "நல்ல ஆளெல்லாம் சென்னைக்குப் போயிடறாங்க."

இதில் பாதி உண்மை. மீதி சுத்தமான சால்ஜாப்பு.

எப்படி என்கிறீர்களா? புரோகிராம் எழுதத் தெரிந்து கம்பெனி ஆரம்பித்த ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். புரோகிராமர் எடுப்பதில் அவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. அரை மணி நேரம் பேசினால் போதும், வந்தவருக்கு விஷயம் தெரியுமா, சும்மா உதார் விடுகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார். வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்வார். அதே மனிதர் கணக்கு, விற்பனை, விளம்பரம் என்று வந்ததும் தடுமாறுகிறார். ஜி.எஸ்.டி. கணக்கை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானே உட்கார்ந்து தாக்கல் செய்கிறார். விளம்பர நோட்டீஸில் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

வேடிக்கையைப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த வேலையைத் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கிறவர், தெரியாத வேலையைத்தான் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறார். நியாயமாக இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நேரமில்லை, பணமில்லை என்பதெல்லாம் மேல்பூச்சு. தெரியாத வேலையில் எது நல்லது, எது மட்டம் என்று அவரால் எடைபோட முடியவில்லை. அதை வெளியே சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முதலாளி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே!

இந்தப் பயத்துக்கு மதுரைக் கடைத்தெருவிலேயே ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. மாசி வீதிகளில் ஒரு நடை போய் வாருங்கள். கல்லாவில் முதலாளி. அவர் இல்லாவிட்டால் மகன். மகனும் இல்லாவிட்டால் மச்சான். திறமையை எடைபோடத் தெரியாத இடத்தில் உறவை எடைக்கல்லாக வைப்பதுதான் இந்த வைத்தியம். ஒரு கடைக்கு இது போதும். நாலாவது கிளை திறக்கும்போது மச்சான்கள் தீர்ந்துபோவார்கள்!

இதைத் தாண்டிய ஒருவர் அதே மதுரையில் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்தவர். "என்னை மாதிரி யார் செய்வார்கள்?" என்று எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ள அவரைவிட உரிமை உள்ளவர் யார்? அவர் அப்படிச் செய்யவில்லை.

உடனே ஒரு குரல் வரும்: "அவரும் குடும்பத்தைத்தானே நம்பினார்?" ஆமாம், நம்பினார். ஆனால் யாரிடம் எதைக் கொடுத்தார் என்று பாருங்கள். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். அவர்களுக்கு மருத்துவம். தம்பி சீனிவாசன் பொறியியல் தெரிந்தவர். அவருக்குக் கட்டடமும் கணக்கும். 1980களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு வந்த துளசிராஜ், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர். உறவுக்காரர் என்பதற்காகத் தெரியாத வேலை யார் தலையிலும் கட்டப்படவில்லை.

குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்க்கப் போதாது. அடுத்த படிதான் முக்கியம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷனுக்கு நோயாளியைத் தயார் செய்வது, செலவையும் சிகிச்சையையும் விளக்கிச் சொல்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. டாக்டருக்கு மிஞ்சியது டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். அரவிந்தின் ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்ய முடிவதன் ரகசியம் இதுதான்.

மேலூர் பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ முகாம் போட வேண்டுமா? இடம், விளம்பரம், ஊர் மக்களைத் திரட்டுவது எல்லாம் உள்ளூர் அமைப்புகளின் வேலை. அந்த ஊரில் எந்த நாளில் கூட்டம் வரும் என்பது மதுரை டாக்டருக்கு எப்படித் தெரியும்?

உள்விழி லென்ஸ் கதையும் இதேதான். இறக்குமதி லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்ற காலம். கண் மருத்துவருக்கு லென்ஸ் வைக்கத் தெரியும், தயாரிக்கத் தெரியாது. அதனால் 1992ல் ஆரோலேப் என்று தனி அமைப்பு. தொழில்நுட்பத்தைக் கொண்டுவர அமெரிக்காவின் டேவிட் கிரீன் உதவினார். தயாரிப்பு அந்தத் துறை தெரிந்த பொறியாளர்கள் கையில். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

இதெல்லாம் "நீயே பார்த்துக்கோப்பா" என்று தூக்கிப் போட்டது இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி முடிந்தால் சரி என்று அளவு வைத்து, பழக்கிவிட்டுக் கொடுத்தது. அளவு இருந்தால் நோட்டம் பார்க்கலாம். அளவு இல்லாதவர்தான் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு குரலும் வரும்: "ஸ்டீவ் ஜாப்ஸ் 1983ல் ஸ்கல்லியை நம்பிக் கூட்டிவந்தார், 1985ல் தன் கம்பெனியிலிருந்தே வெளியே போனார். தெரியுமில்ல?" தெரியும். கதை அங்கே முடியவில்லை என்பதும் தெரியும். 1997ல் திரும்பி வந்த ஜாப்ஸ், தயாரிப்பு விநியோகப் பொறுப்பாளர் விலகியதும், பல மாதங்கள் அந்த வேலையைத் தானே பார்த்தார். அதற்குப் பிறகுதான் 1998ல் டிம் குக்கைத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் அந்தப் பக்கம் கவலைப்படத் தேவையே வரவில்லை. அந்த வேலையில் அவர் நிபுணராகவில்லை. நிபுணரை அடையாளம் காணும் அளவுக்குக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆகவே, வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ கம்பெனி நடத்துகிற, நடத்தப்போகிற நண்பர்களே, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்குத் தெரியாத வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இது நன்றாக நடக்கிறது என்று எதை வைத்துச் சொல்வேன்?" என்பதற்குப் பதில் எழுதுங்கள். பதில் எழுத முடியாத வேலைக்கு எத்தனை பேரை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் சாவியைக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு, தயவுசெய்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணாதீர்கள்!