இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு இயர்போன்

"சேர், எனக்குக் கேள்வி மட்டுந்தான் கேக்குது. மறுமொழியெல்லாம் இவக்குத்தான் போகுது."

தரம் 6 வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை இப்படிச் சொன்னபோது எனக்கு உடனே விளங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரு இயர்போன். இடப்பக்கத் துண்டைப் பர்தாவுக்குள்ளால் விட்டு இவள் காதில் வைத்திருந்தாள். வலப்பக்கத் துண்டு பக்கத்தில் இருந்தவளிடம். அந்த ஆங்கிலப் பாடமோ ஸ்டீரியோவில் பதிவானது. கேள்வி கேட்கும் குரல் இடப்பக்கத்தில், பதில் சொல்லும் குரல் வலப்பக்கத்தில். பாதிப் பாடம் ஒருத்திக்கு, மீதி மற்றவளுக்கு. அன்றைய நாளில் அந்த வகுப்பே இப்படித்தான் படித்திருக்கிறது.

கல்முனைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்று. கட்டாரில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து, பாவித்த எம்.பி.3 பிளேயர்கள் இருபதை அனுப்பியிருந்தார்கள். பழைய சாமான், ஒவ்வொன்றிலும் 256 எம்.பி. மட்டுமே இடம். சின்னப் பற்றரி ஒன்று போட்டால் ஓடும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களைக் கண்டவர்களுக்கு இந்தப் பற்றரியின் அருமை தெரியும். போன் கொடுத்தால் பிள்ளை வேறெங்கோ போய்விடும் என்ற பயமும் இதில் இல்லை. பாடங்களை ஏற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. பத்து நிமிடப் பாடங்கள் நாற்பது.

முதல் தடவை ஸ்டீரியோவில் 128 கிலோபிட் அளவில் ஏற்றினேன். பாட்டுக் கேட்பவர்கள் வழக்கமாக வைக்கும் அளவு அது. இருபத்தாறு பாடங்களோடு இடம் முடிந்தது. மிச்சத்துக்கு இடமில்லை என்ற பதற்றத்தில் இரண்டாம் தடவை எல்லாவற்றையும் இறுக்கிப் பிழிந்தேன்: மோனோ, 16 கிலோபிட், மாதிரி வேகம் விநாடிக்கு 8000. நாற்பது பாடமும் 48 எம்.பி.க்குள் அடங்கிவிட்டன. காது இரண்டுக்கும் ஒரே ஒலி போனது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை டீச்சர் சொல்வதெழுதல் கொப்பிகளைக் கொண்டுவந்தார். மெல்லிய என்று பொருள்படும் "தின்" வரவேண்டிய இடத்தில் மீன் செட்டைக்கு உரிய "ஃபின்" எழுதியிருந்தார்கள். ஒன்றிரண்டு பேரல்ல, பலர். "காக்கா, இதுகள் பிழையாக் கேக்கல்ல. பிளேயர்ல ரெண்டும் ஒண்டாத்தான் கேக்குது" என்றார். நானும் காதில் வைத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரி. மீன் வாடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் செட்டையை எழுதினார்கள். காதுக்கு வந்து சேராத ஒலியை எப்படி எழுதுவார்கள்?

விநாடிக்கு 8000 மாதிரி எடுத்தால் 4000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் மிஞ்சாது. பழைய கம்பித் தொலைபேசியின் ஒலி எல்லையும் ஏறத்தாழ இதுதான். பெயரைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று மறுமுனையில் திருப்பிக் கேட்பது அதனால்தான். காற்றை உரசி வரும் ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மையில் பெரும்பகுதி அந்த 4000க்கு மேலேதான் இருக்கிறது. தெரிந்த மொழியென்றால் விட்டுப்போனதை மூளை நிரப்பிக்கொள்ளும். புது மொழி படிக்கும் பிள்ளைக்கு நிரப்ப எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் காலையில் ஆங்கிலமும் இரண்டாம் மொழிச் சிங்களமும் படித்துவிட்டு அந்தியில் ஓதப் போகிறவர்கள். ஓதலில் ஸீனும் ஸாதும் ஸாவும் வேறு வேறு. தமிழ்க் காதுக்கு மூன்றும் "ஸ"வாக ஒன்றுபோல் படும். ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் நாக்கு நிற்கும் இடத்தைக் காட்டித் திருத்துவார். பிளேயரால் வாயைக் காட்ட முடியாது. ஒலி மட்டுமே அதன் கையிருப்பு.

கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். மோனோவில் 64 கிலோபிட் என்றால் மணிக்கு 29 எம்.பி. வரும், நாற்பது பாடமும் சேர்ந்து 192 எம்.பி. பிளேயருக்குள் தாராளமாக அடங்கும். ஒற்றைக் குரலுக்கு அது நல்ல தெளிவு. ஸ்டீரியோ 128இல் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைப்பது அந்த 64தான். மாதிரி வேகத்தை 44,100இலேயே விட்டேன். மோனோ ஆக்கியதில் இடமும் மிஞ்சியது, கடைசி வாங்குப் பிள்ளைகள் இருவருக்கும் முழுப் பாடமும் கிடைத்தது.

எம்.பி.3யை விடத் திறமான முறைகள் வந்துவிட்டன என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மைதான். 2012இல் வந்த ஓபஸ் பாதி இடத்தில் இதே தெளிவைத் தரும். வாட்ஸ்அப் குரல் செய்தி ஓடுவதும் அதில்தான். ஆனால் இந்தப் பிளேயர் ஓபஸைக் கண்டால் வாய் திறக்காது. கையில் இருக்கும் பொருள் எதைப் பாடுமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். பங்களாதேஷில் 2008இல் தொடங்கிய "இங்கிலிஷ் இன் அக்‌ஷன்" திட்டத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் ஐபாட் கொடுத்துப் பார்த்தார்கள். பல்லாயிரம் பேருக்கு விரிக்கும்போது சாதாரண நோக்கியா போன், ஒரு மெமரி காட், கையில் தூக்கும் ஸ்பீக்கர் என்று இறங்கி வந்தார்கள். ஆசிரியருக்குப் பழகின பொருள், வாங்கக்கூடிய விலை. அது புத்தியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

கோப்பின் பெயரிலும் ஒரு பாடம் படித்தேன். தமிழில் பெயரிட்டால் திரையில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. அதனால் 01, 02 என்று இலக்கம் போட்டு, அந்த வரிசையிலேயே ஏற்றுகிறேன். பிட் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறையையும் விட்டுவிட்டேன். அதில் பழைய பிளேயர் நேரத்தைப் பிழையாகக் காட்டுகிறது, பிள்ளை நடுவில் நிறுத்திய இடத்தைத் தேடி அலைகிறாள்.

இப்போது சிங்களப் பாடங்களையும் கேட்கிறார்கள். டீச்சரின் தோழி ஒருவர் அம்பாறையில் இருந்து போனில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே ஒரு தடவை இறுகி, எம்.பி.3 ஆக்கும்போது மறுதடவை இறுகி, குரல் தகரம்போல் ஆகிவிட்டது. பின்னணியில் பாண் ஓட்டோவின் மெட்டு வேறு. இறுக்கும் மென்பொருளுக்குப் பாடமும் பாண்காரரும் ஒன்றுதான். இருக்கும் பிட்டை இருவருக்கும் பங்கு போட்டுவிடும். ஆகவே சனிக்கிழமை அவரே இங்கு வருகிறார். எங்கள் வீட்டு உள்ளறையில், மெத்தைக்குப் பக்கத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியப் போகிறோம். மூலப் பதிவு இறுக்காமல் அப்படியே கணினியில் இருக்கும். பிளேயருக்குப் போவது அதன் பிரதி. சுபஹு முடிந்த கையோடு தொடங்கினால், பாண் ஓட்டோ வருமுன் ஐந்து பாடம் முடிக்கலாம்.