வாட் கணக்கிலும் எடை சுத்தம் வேண்டும்

பலசரக்குக் கடையில் கம்ப்யூட்டர் பில் என்பது இன்று ஆடம்பரமல்ல. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பின், திண்டுக்கல் நகரில் மட்டுமன்றி வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு போன்ற ஊர்களின் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கடை அடைத்த பின் அதிலேயே பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். படம் தடங்கலின்றி ஓடக் கிராபிக்ஸ் கார்டும் வாங்கிப் பொருத்துகிறார்கள். பிள்ளைகள் விளையாடுவதை நாம் குறை சொல்லவில்லை. கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதற்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் சில நூறு ரூபாயில் முடிக்கப் பார்ப்பதே நமக்குக் கவலை தருகிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரமாக மாற்றித் தருவது இந்தப் பெட்டி. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் இழுக்கும். ஆகவே அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள வாட்டைப் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் ஒட்டியுள்ள பட்டியலில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 18 ஆம்பியர் என்றிருந்தால் கணக்கு 216 வாட்தான். மேலே 450 என்று அச்சிட்டிருந்தாலும் அவ்வளவுதான். இது சாக்கோடு நிறுத்து விற்கிற கதை. மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

கார்டுக்கு 150, பிராசசருக்கு 100, மற்றவற்றுக்கு 50 என்றால் 300 வாட் தேவை. அதன் மேல் பாதி சேர்த்து, 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாத பெட்டியாக வாங்குவது நல்லது. வெறும் பில் போடும் கம்ப்யூட்டருக்கு 100 வாட்டே அதிகம். அதற்கு விலை கூடிய பெட்டி வாங்கச் சொன்னால் ஏமாற வேண்டாம்.

80 பிளஸ் என்ற முத்திரையையும் பார்க்க வேண்டும். 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய தரச்சான்று இது. சுமை 20, 50, 100 சதவீதம் என எந்த அளவில் இருந்தாலும், வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தைப் பெட்டி திருப்பித் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. 300 வாட் தர 375 வாட் எடுக்கும். 65 சதவீதமே தரும் பெட்டி 460 வாட்டுக்கு மேல் எடுக்கும். கழிவு முழுவதும் சூடாகப் போகும். கரண்டு பில்லிலும் ஏறும்.

யு.பி.எஸ். விஷயமும் இப்படித்தான். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். 2012-இல் நம் மாவட்டங்கள் பட்ட மின்வெட்டு இன்று இல்லை. ஆனால் பராமரிப்பு மின்தடையும் கோடை மழைத் தடையும் இருக்கவே செய்கின்றன. கேம் ஓடும்போது கரண்டு போனால், சுமை தாங்காத யு.பி.எஸ். அந்த நிமிடமே கைவிட்டுவிடும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால், மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது கேம் மட்டுமல்ல. நம் பற்றுவரவும் ஜி.எஸ்.டி. கணக்கும் அதில்தான் இருக்கின்றன.

நமது மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். பாக்கெட்டில் நிகர எடை குறைந்தால் அபராதம் கட்டுகிறோம். அப்படியிருக்க, வாட்டைக் கூட்டி அச்சிட்ட பெட்டி மட்டும் கேள்வியின்றி விற்கலாமா? கம்ப்யூட்டர் விற்பவர்களும் வணிகர்களே. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மட்டமான பூட்டில் நம் ஊர் பெயரை அடித்து விற்றால் சும்மா இருப்போமா?

உறுப்பினர்கள் மாடல் எண்ணும் வாரண்டி காலமும் எழுதிய பில் இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டாம். கணக்கைத் தினமும் பென் டிரைவில் பிரதி எடுங்கள். பழைய வயரிங் உள்ள கடைகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிடுவதே உத்தமம். நம் சங்கமும் நகரின் கம்ப்யூட்டர் வியாபாரிகளை அழைத்துப் பேசி, 12 வோல்ட் ஆம்பியர் அளவை பில்லிலேயே எழுதித் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை.