குளத்தை மறந்த சுற்றுலா

நாற்பது நாடுகளின் பிரஜைகளுக்கு விசாக் கட்டணம் கிடையாதென்று இலங்கை அரசாங்கம் 2025ஆம் ஆண்டில் அறிவித்ததையும், ஓராண்டில் 30 லட்சம் பிரயாணிகளை வரவழைப்பதே தேசத்தின் லட்சியமென்று அதன் சுற்றுலாத் துறையினர் முழங்கியதையும், அதே ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி பொழுது விடியுமுன் மின்னேரியாவுக்கு அருகே ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் மாண்டதையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் எவருக்கும், அந்தத் தீவை ஆள்வோர் எதைத் தங்கள் செல்வமாகக் கருதுகிறார்கள் என்ற கேள்வி எழாமற் போகாது. வரும் ஜனங்களின் தொகையை எண்ணுவதில் அவர்கள் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்த ஜனங்கள் எதைக் காண வருகிறார்களோ அதைக் காப்பதில் காட்டுவதாகத் தெரியவில்லை. 2024ஆம் ஆண்டு அங்கே சென்ற சுமார் 20 லட்சம் பேரில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களாகையால், இது அயல் நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருக்கவும் நியாயமில்லை.

சென்னையில் விற்கப்படும் பிரயாணத் திட்டம் எதை எடுத்துக்கொண்டாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: சிகிரியாப் பாறை, தம்புள்ளைக் குகைகள், பொலன்னறுவை, மாலையில் ஜீப்பேறி மின்னேரியா யானைகள், பிறகு கண்டி, நுவரெலியா, யால வனத்தில் சிறுத்தை, முடிவில் காலிக் கோட்டை. புராதனத்துக்கு ஒரு சீட்டு, வனவிலங்குக்கு வேறொரு சீட்டு. அதை விற்பது ஓர் இலாகா, இதை விற்பது மற்றோர் இலாகா. இந்தப் பிரிவினைதான் சகல தவறுகளுக்கும் மூலம் என்பது என் கட்சி. ஏனெனில் அந்த உலர்ந்த வடமத்திய சமவெளியில் சரித்திரம் வேறு, வனம் வேறு அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது குளம்.

மின்னேரியாக் குளத்தை மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாசேன மன்னன் கட்டினான். அம்பன் கங்கையின் நீரை எலஹெராவிலிருந்து நெடுந்தூரம் கால்வாய் வழியே கொணர்ந்து அதிலே நிரப்பும் ஏற்பாடு, இன்றைய பொறியியல் வல்லுநர்களும் வியக்கும் பழமையான நிர்மாணம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் அக்குளம், பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வயல்களுக்கு நீர் கொடுத்துக் கொடுத்து வற்றி, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வறட்சி மாதங்களில் பின்வாங்கிச் செல்ல, நீர் விட்டுச் சென்ற பரந்த குளப்படுகையில் இளம்புல் முளைத்துப் பசேலென்று படர்கிறது. சுற்றுக் காடுகளெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்தக் காலத்தில் அப்புல்லை நாடி, கன்றுகளும் தாய்களுமாக முந்நூறு யானைகள் வரை அங்கே வந்து கூடுகின்றன. ஆசிய யானைகள் காட்டு நிலையில் இவ்வளவு பெருந்திரளாகக் கூடுவதை வேறெங்கும் காண்பதரிது. உழவனுக்காக ஓர் அரசன் வெட்டிய குளமும், உழவன் பாய்ச்சிய பாசனமுமே, யானைக்குக் கோடையில் மேய்ச்சல் நிலத்தைச் சிருஷ்டித்தன. மனிதன் செய்த காரியத்தால் வனம் வாழ்ந்த அபூர்வமான உதாரணம் அது.

அந்தப் பதினேழு நூற்றாண்டு ஒழுங்கு நம் கண்ணெதிரே குலைந்தது. அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த அணை எழுந்து, 2018ஆம் ஆண்டளவில் அதன் நீர் கீழ்நோக்கி வரத் தொடங்கிய பிறகு, வற்றியிருக்க வேண்டிய மாதங்களில் மின்னேரியா நிரம்பி நின்ற ஆண்டுகள் உண்டு. புல் முளைக்க வேண்டிய படுகை நீருக்கடியில் அமிழ்ந்தது, கூட்டம் மெலிந்தது, பசித்த யானைகள் கிராமங்களை நோக்கித் திரும்பின. வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துச் சொல்லியும், நீரை எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் யானைக்காகப் பேசும் குரலுக்கு உரிய ஸ்தானம் இன்றளவும் கிடைத்தபாடில்லை.

ஒரு கணக்கை இங்கே சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். தமிழ் வாசகர்கள் இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,060. அதாவது நம்மில் பாதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே காணப்பட்ட யானைகள் 5,879. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063. பாதி நிலத்தில் ஏறக்குறைய இரு மடங்கு யானைகள்! நமக்கு 42 சதுர கிலோமீட்டருக்கு ஒரு யானையென்றால் அவர்களுக்கு 11 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. நம்முடைய யானைகளோ பெரும்பாலும் மேற்கு மலைத் தொடரின் காடுகளில் ஒதுங்கியிருக்க, தீவின் நிலப்பரப்பில் 60 விழுக்காட்டில் யானை நடமாடுகிறது. அப்படி நடமாடும் நிலத்தில் 70 விழுக்காட்டில் மனிதரும் குடியிருக்கிறார்கள். வாளையாற்றிலோ கூடலூரிலோ ஒரு கொம்பன் தோட்டத்துக்குள் புகுந்தால் இங்கே எழும் கலவரத்தை அறிந்தவர்கள், அதைப் போல் நான்கு மடங்கு நெருக்கத்தில், சமவெளியில், நெல்வயலோரத்தில் வாழும் குடியானவனின் இரவுகளை எண்ணிப் பார்க்கட்டும். 2023ஆம் ஆண்டில் அங்கே மாண்ட யானைகள் 488, மனிதர்கள் 184. 2024ஆம் ஆண்டில் யானைகள் 388, மனிதர்கள் 155. 488 என்பது அந்தப் பழைய கணக்கெடுப்பின்படி பன்னிரண்டில் ஒன்று; அதே விகிதத்தில் தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் 255 யானைகள் மடிந்தால் இங்குள்ள அமைச்சர் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது. இயற்கை மரணங்களும் இதில் அடக்கமென்று சிலர் சமாதானம் சொல்வார்கள். துப்பாக்கிக் குண்டும், திருட்டு மின்கம்பியும், காய்கறிக்குள் மறைத்துக் கடிக்கவைத்து வாயைச் சிதறடிக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடியும் இயற்கையின் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை? தந்தத்துக்காக நடக்கும் கொலையுமல்ல இது. அத்தீவின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. வயலுக்கும் வயிற்றுக்கும் இடையே நடக்கும் யுத்தம் இது.

நுவரெலியாவுக்குச் செல்லும் பிரயாணிகள் குதிரைப் பந்தய மைதானத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தி, 1845இல் இடி தாக்கி மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயரின் கல்லறையும் அவ்வூரில்தான் இருக்கிறது. அந்த மனிதரின் பெயரைக் கேட்டால் இன்றும் ஜனங்கள் முகஞ்சுளிக்கிறார்கள். 2023, 2024 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தீவு இழந்த யானைகள் 876. ரோஜர்ஸ் ஆயுள் முழுதும் செய்த நாசத்தை இந்தத் தலைமுறை நான்காண்டுகளுக்குள் எட்டிவிடும். இதற்காக முகஞ்சுளிப்போரைத்தான் காணோம்.

பிரயாணிகள் வந்தால் அந்நியச் செலாவணி வரும், செலாவணி வந்தால் வனத்துக்கும் செலவிடலாம் என்ற வாதம் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அங்கே வேதவாக்காகிவிட்டது. இதற்கு நீண்ட பதில் அவசியமில்லை: பணம் வந்த ஆண்டுகளில் அது வனத்தை அடைந்ததா? யால வனத்தின் முதல் பகுதி 141 சதுர கிலோமீட்டர்தான். அந்தச் சிற்றிடத்துக்குள் நூற்றுக்கணக்கான ஜீப்புகள் ஒரே நாளில் நுழைந்து, கைப்பேசியில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டு, ஒரு சிறுத்தையைச் சுற்றி வளைத்து நிற்கும் காட்சியைச் செல்வம் என்று அழைப்பவர்களுடன் தர்க்கம் செய்வது வீண். யானைகளையெல்லாம் விரட்டிச் சரணாலயங்களுக்குள் அடைத்து மின்வேலியிட்டுவிடலாம் என்பது மற்றொரு கூட்டத்தாரின் யோசனை. 4,500 கிலோமீட்டருக்கு மேல் வேலியிட்டும், வேலிக்கு இரு புறமும் யானைகளே நிற்கின்றன. வனவிலங்கு இலாகாவின் காடு முடிந்து வன இலாகாவின் காடு தொடங்கும் எல்லையில் வேலி போட்டால் வேறென்ன நடக்கும்? உள்ளே அடைபட்டவை உணவின்றி மெலிந்து சாவதைப் பார்த்த பிறகும் இந்த யோசனையைச் சொல்பவர்கள் வனத்தின் அருகே போனவர்களல்லர்.

பொலன்னறுவையைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதொன்றுண்டு. சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டுத் தலைநகராகக் கொண்டிருந்த அந்நகரில் வானவன் மாதேவி ஈஸ்வரம் என்னும் சிவாலயம் கல்வெட்டுகளோடு இன்றும் நிற்கிறது. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் தமிழ்ச் சாசனமும் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் அவற்றின் முன்னே நின்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள், நியாயந்தான். ஆனால் எந்த ராஜவம்சம் அங்கே ஆண்டாலும் அந்நகரை வாழவைத்தது நீர்தான் என்பதையும், மின்னேரியாவின் நீர் கவுடுல்லைக் குளத்துக்கும் அங்கிருந்து நம் பழங்கதைகளில் குளக்கோட்டனோடு சேர்த்துப் பேசப்படும் கந்தளாய்க்கும் ஒரே சங்கிலியாக ஓடுகிறது என்பதையும் எத்தனை வழிகாட்டிகள் சொல்கிறார்கள்? சிங்களவரும் தமிழரும் அந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளில் நின்று ஒரே நீரை உண்டவர்கள். மொழிச் சண்டைக்கு அங்கே சான்று தேடுவோர் இந்தச் சான்றைக் காண்பதில்லை.

செய்ய வேண்டியது மர்மமல்ல. யானை ஆராய்ச்சியாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டமொன்றை வகுத்துக் கொடுத்திருக்கிறது: வேலியைக் காட்டின் நடுவே போடாமல் கிராமத்தைச் சுற்றியும், அறுவடை முடியும் வரை வயலைச் சுற்றியும், அந்தந்த ஊராரே பராமரிக்கும்படி போடுவது அதன் சாரம். அதனோடு நான் சேர்ப்பவை இரண்டே இரண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை மின்னேரியாவின் நீர்மட்டத்தைப் பழைய வழக்கப்படி தாழ்த்தி வைத்து, வரும் நீரை அவ்வப்போதே கீழ்க்குளங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அப்பகுதியில் நிகழ்ந்த மரணங்களில் பெரும்பாலானவை நிகழ்ந்திரா என்பது என் திடமான அபிப்பிராயம். சீட்டு விற்ற பணத்தில் சரிபாதி, யானையால் பயிரிழந்த உழவர்களுக்கு அந்தப் பருவத்திலேயே போய்ச் சேர வேண்டும். இவை நடக்காதவரை விசாச் சலுகைகளால் தீவுக்கு நன்மை இல்லை, தீமையே உண்டு.

கொழும்பு செவிசாய்க்காவிட்டால், செவிசாய்க்கச் செய்யும் சக்தி நம் கையிலேயே இருக்கிறது. இந்த வறட்சிப் பருவத்தில் இலங்கைக்குப் பிரயாணம் போக எண்ணியிருக்கும் தமிழ் வாசகர்களே, முன்பணம் கட்டுமுன் தங்கள் முகவரிடம் மின்னேரியாவின் நீர்மட்டம் என்னவென்று கேளுங்கள். படுகை நீரில் மூழ்கியிருக்கிறதென்றால் அந்த ஜீப்புச் சவாரியைத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள், நீக்கியதற்கான காரணத்தைத் தீவின் சுற்றுலா அமைச்சுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்.